குடியை விட்ட பிறகுதான் குடிகாரன் வேஷம் சரியாக வந்தது

எங்கள் மிமிக்ரிக் குழுவில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். இருபத்து மூன்று வயது, குரலில் நல்ல சரக்கு இருக்கிறது, நாற்பது பேர் குரல் எடுப்பான். போன மாசம் ஒரு கோயில் பரிபாடிக்கு (மேடை நிகழ்ச்சியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) மேடை ஏறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேப்பர் கப்பை மறைத்தான். அப்புறம் அவனே, "இல்லீங்ணா, ஒரு கட்டிங் போட்டாத்தான் டைமிங் செட் ஆகுது" என்றான்.

இதே வரியை நான் பதினொரு வருஷம் சொல்லியிருக்கிறேன். அதனால் அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவனிடம் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில் என்று எங்கள் ஊரைப் பற்றி மேடையில் சொல்வேன். இந்தப் பக்கம் பாலக்காடு, அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோயமுத்தூர். மிமிக்ரி, ஸ்கிட், நடுவில் ஆள் வராவிட்டால் அனௌன்ஸ்மெண்ட் என்று எல்லாம் செய்வேன். இரண்டு பாஷையும் தெரிந்தவனுக்கு இங்கே நகைச்சுவை ஓசியில் கிடைக்கும். சம்சாரம் என்றால் நமக்கு வீட்டுக்காரி, அவர்களுக்குப் பேச்சு. பட்டி என்றால் நமக்கு ஊர், அவர்களுக்கு நாய். இதை வைத்தே கால் மணி நேரம் ஓட்டலாம், ஓட்டியிருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு பாஷையும் ஒத்துப்போகும். நாம் குடிப்பதைத் தண்ணியடிப்பது என்கிறோம், அவர்கள் வெள்ளமடி என்கிறார்கள். இரண்டு பேருமே தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டோம்.

எல்லை என்பது குடிக்கிறவனுக்கு எவ்வளவு வசதி என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. கேரளத்தில் கள்ளு ஷாப்பு சட்டப்படி உண்டு, கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள்ளு போவதே எங்கள் சித்தூர் தாலூகா தென்னந்தோப்புகளிலிருந்துதான். அதனால் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருவார்கள். கேரளத்தில் ஒண்ணாம் தேதி மதுக்கடை கிடையாது, அன்றைக்கு நாங்கள் வேலந்தாவளம் தாண்டி டாஸ்மாக்குக்குப் போவோம். மேடைக்காரனுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கேரளத்தில் பெவ்கோ என்கிற அரசு மதுக்கடை ஒன்பது மணிக்கு மூடும், தமிழ்நாட்டில் டாஸ்மாக் பத்து மணிக்கு மூடும், மைக்கையும் பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும். பரிபாடி முடிந்து வாங்கலாம் என்றால் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆகவே முன்னாடியே வாங்கி வைத்துவிடுவோம். முன்னாடியே வாங்கி வைத்தது பரிபாடி முடியும்வரை சும்மா இருக்குமா?

என்னுடைய பேர் பெற்ற ஐட்டம் 'பாம்பு'. மலையாளத்தில் தலைகுப்புற குடித்துவிட்டுக் கிடப்பவனைப் பாம்பு என்பார்கள். தள்ளாடி வந்து, மைக் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்து, போஸ்ட் மரத்திடம் வழி கேட்டு, கடைசியில் விழுவேன். விசில் பறக்கும். கமிட்டிக்காரர்கள் போன் பண்ணும்போதே "பாம்பு உண்டோ?" என்றுதான் கேட்பார்கள். நான் உண்மையிலேயே குடித்துவிட்டுச் செய்வதால்தான் அது அவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இந்த நம்பிக்கை என்னைக் கெடுத்த அளவுக்குக் கள்ளுகூடக் கெடுக்கவில்லை.

விழுந்த கதையை நீட்டப் போவதில்லை, குடித்தவன் கதை எல்லாம் ஒரே கதைதான். குழுவில் முன்பணம் வாங்கிக் கடன், வீட்டில் பேச்சு நின்றது, ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொன்னது. மாற்றிச் சொன்ன பெயர் பெண்ணின் பழைய நிச்சயதார்த்தக்காரனுடையது. எனக்கு எப்படித் தெரியும்? அடி விழவில்லை, சம்பளமும் விழவில்லை.

நிறுத்திய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் செத்திருப்பேன். யாரிடமும் சொல்லாமல், வைராக்கியமாக, ஒரு திங்கட்கிழமை காலையில் சட்டென்று நிறுத்தினேன். சாயங்காலம் கை நடுங்கியது, இரவு முழுக்க வியர்வை. செவ்வாய்க்கிழமை மதியம் வேனில் கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வலிப்பு வந்து சரிந்தேன். கீபோர்டு அண்ணன் முதலில் நான் ஐட்டம் செய்து பார்க்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாராம். அதை அவர் இன்றைக்கும் சொல்லி அழுவார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டியது குடித்ததற்காக இல்லை, கேட்காமல் நிறுத்தியதற்காக. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் புத்தி தடுமாறி இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்றார். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்து, தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போட்டு, பதினொரு நாள் வைத்திருந்தார்கள். ஆகவே தினக்குடிகாரர் யாராவது இதைப் படித்தால், வைராக்கியத்தோடு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேரளத்தில் எக்சைஸ் துறையின் விமுக்தி என்கிற போதை மீட்புத் திட்டம் மூலமாக ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு டி-அடிக்ஷன் சென்டர் இருக்கிறது, 14405-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் 14446 என்கிற தேசிய எண்ணைக் கூப்பிடலாம். இரண்டுக்கும் காசு கிடையாது.

இன்னொன்று, 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடி' என்று சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டியிருப்பார்களே, அதை என் மாமியார் வாங்கி வைத்திருந்தார். டாக்டரம்மாவிடம் காட்டினோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றார். குடியோடு சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, பிரஷர் இறக்கம் எல்லாம் கொண்டுவரும் டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, அதை நோயாளியின் சம்மதத்தோடு, சோதனை செய்துதான் கொடுப்பார்கள். தெரியாமல் சாப்பிட்டு மேலே குடித்தவன் மாரடைப்பிலும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அந்த வேலை உடம்பில் மிச்சம் இருக்கும். எனக்கு அதைச் சம்மதத்தோடு கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் அம்மாயி 'உடம்பு தேறட்டும்' என்று தசமூலாரிஷ்டம் ரெண்டு மூடி ஊற்றிக் கொடுத்தது. அரிஷ்டத்தில் தானாகவே ஊறிய ஆல்கஹால் உண்டு. முகம் குப்பென்று சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, திண்ணையில் படுத்துக் கிடந்தேன். அம்மாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "மருந்து வேலை செய்யுது" என்றது.

சரி, மேடைக்கு வருகிறேன்.

தெளிந்த பிறகு முதல் பரிபாடி மீனாட்சிபுரம் பக்கம் ஒரு ஆடிட்டோரியத்தில். முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. முதல் ஜோக்கைச் சொன்னேன். பத்துப் பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் சிரிக்கவில்லை. இதில் ஒன்றும் அதிசயம் இல்லை, ஆனால் சிரிக்காதது எனக்குக் *கேட்டது*. வெளியே ஓடிய ஜெனரேட்டர் கேட்டது, மூணாவது வரிசையில் ஒரு அம்மா சிப்ஸ் கவரைப் பிரித்தது கேட்டது, ஒரு குழந்தையின் கொலுசு கேட்டது. குடித்திருக்கும்போது சிரிப்பு மட்டும்தான் காதுக்கு வரும், மிச்சத்தை எல்லாம் சரக்கு அமுக்கிவிடும். பதினொரு வருஷமாக நான் நினைத்த அளவுக்கு யாரும் சிரித்திருக்கவில்லை என்பதை அந்த ஒரே சாயங்காலத்தில் தெரிந்துகொண்டேன். இறங்கி வந்து வேனில் உட்கார்ந்து, தொழிலை விட்டுவிடலாம், பால் சொசைட்டியில் மச்சான் வேலை சொல்லியிருக்கிறான், போய்விடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

கீபோர்டு அண்ணன்தான் தன் போனில் இருந்த பழைய பரிபாடி ஒன்றைப் போட்டுக் காட்டினார், பழைய பெருமையை நினைவுபடுத்தித் தேற்றுவதாக நினைத்து. இருபத்திரண்டு நிமிஷம். அதைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. ஒன்பது இடத்தில் சிரிப்பு எழுந்து வரும்போதே நான் அடுத்த வரியைப் பேசி அதை மிதித்திருக்கிறேன். ஒரு ஜோக்கை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், சொன்னது எனக்கே தெரியவில்லை. குடித்தால் டைமிங் வருகிறது என்று நினைத்தது அப்பட்டமான பொய். எனக்கு வந்தது பயமில்லாமை, டைமிங் இல்லை. பயம் இல்லாதவனுக்குக் கூட்டத்தின் மூச்சைக் கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இது என் கணக்கு. வேறு ஆட்களுக்கு வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு தடவை குடிக்காமல் நின்று பதிவு செய்து, குடித்த நாள் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அன்றிலிருந்து எல்லாப் பரிபாடியையும் போனில் பதிவு பண்ணி மறுநாள் காலையில் கேட்கிறேன். காலையில் என்பது முக்கியம், முன்பெல்லாம் எனக்குக் காலை என்று ஒன்று கிடையாது. ஒரு பரிபாடியில் எழுபது இடம் என்றால் எங்கே விழுந்தது, எங்கே வழுக்கியது என்று என் பையனின் பழைய கணக்கு நோட்டில் குறித்து வைப்பேன். இந்த ஒரு பழக்கம் எனக்கு அதற்கு முந்தைய பத்து வருஷ அனுபவத்தைவிட அதிகம் கற்றுக் கொடுத்தது.

ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், கூட்டத்துக்கும் போக ஆரம்பித்தேன். 1935-ல் அமெரிக்காவில் ஓஹையோவில் இரண்டு குடிகாரர்கள், ஒருத்தர் பங்குத்தரகர், ஒருத்தர் டாக்டர், சேர்ந்து ஆரம்பித்தது. இங்கே ஒரு சின்ன அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் பதினாலு பேர், தமிழும் மலையாளமும் கலந்து. கட்டணம் இல்லை, குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். தெளிந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் முழுச் சிரிப்பு அங்கேதான். மாப்பிள்ளை பெயர் மாற்றிய கதையைச் சும்மா உள்ளது உள்ளபடி சொன்னேன், குரல் மாற்றவில்லை, நடிக்கவில்லை. பதினாலு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். அப்போதுதான் உறைத்தது, மேடையில் நான் இத்தனை வருஷமாக மற்றவர்கள் குரலில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. நகைச்சுவைக்காரனுக்கு ஏஏ கூட்டம் பெரிய சோதனை. ஒவ்வொருத்தர் சொல்வதும் அப்படியே மேடையில் போடலாம் போல இருக்கும். போடக்கூடாது. அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும், பெயரை மாற்றினாலும், ஊரை மாற்றினாலும். எங்கள் தாலூகாவில் ஊரை மாற்றினால் மட்டும் தெரியாமல் போய்விடுமா என்ன? என் கதையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். அதையும் முதல் ஒரு வருஷம் மேடையில் தொடவில்லை. ஆறாத புண்ணைக் காட்டினால் ஜனம் சிரிக்காது, பாவம் பார்க்கும்.

பாவம் என்றதும் நினைவு வருகிறது. பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் ஒரு வீடியோவைக் காட்டி, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான். கிரேக் பெர்குசன் என்று ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்க டிவியில் ராத்திரி நிகழ்ச்சி நடத்தியவர். 2007 பிப்ரவரியில், பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தலையை மொட்டையடித்துக்கொண்டதை ஊரே கிண்டல் அடித்த வாரம், இவர் மட்டும் நான் அவரைப் பற்றி ஜோக் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் குடியைப் பற்றிப் பேசினார். அப்போது அவர் குடியை விட்டுப் பதினைந்து வருஷம். 1991 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் பாலத்திலிருந்து குதித்துச் சாகக் கிளம்பியவர், வழியில் தெரிந்தவர் ஒருத்தர் ஷெர்ரி குடிக்கிறாயா என்று கேட்டதும் குடித்துவிட்டுச் சாகவேண்டியதை மறந்துவிட்டாராம். சிரித்தேன், அடுத்த நொடியே அடிவயிறு ஜில்லென்றது. இளைத்தவனை அடித்துச் சிரிப்பு வாங்குவதைப் பற்றியும் அவர் பேசினார். என் பாம்பு ஐட்டம் அப்போது நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் அந்தப் பாம்பு சும்மா வந்தது இல்லை. எங்கள் ஊரில் கள்ளு இறக்குகிறவர் ஒருத்தர், இப்போது அறுபது வயது இருக்கும், அவர் நடையைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஊருக்கே தெரியும். அவரை ஓபி வரிசையில் பார்த்தேன், மாத்திரை வாங்க நிற்கும்போது, எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி. ஒளிய இடமில்லை. திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு, நீதான என்னையப் பாத்து ஆட்டம் கட்டறது?"

மன்னிச்சுக்கோங்க என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதில்ல. காலு தப்பா வெக்கறே. குடிச்சவன் ஆட மாட்டான். ஆடாம இருக்கத்தான் பாப்பான்."

சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், சிமெண்ட் தரையில் இருந்த கோட்டின்மேல் நடந்து காட்டினார். முதுகு விறைப்பாக, மோவாய் கொஞ்சம் தூக்கி, ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்து, தரை இருக்கிறதா என்று கட்டை விரலால் கேட்டுவிட்டு. எதிரே வந்த நர்ஸுக்கு வழிவிட்டு, ரொம்ப மரியாதையாக ஒரு வணக்கம் வேறு. வரிசையே சிரித்தது. அவர் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை.

அந்த நடையை எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டேன். ஒரு டீயும் பழம்பொரியும் விலை சொன்னார். இப்போது என் ஐட்டத்தில் ஒருத்தனும் விழுவதில்லை. குடித்தவன் ஒருத்தன் தான் குடிக்கவில்லை என்று வீட்டு வாசலிலிருந்து சோற்றுத் தட்டு வரைக்கும் நிரூபிக்கிறான், ஏழு நிமிஷம், அவ்வளவுதான். முன்பு ஆம்பிளைகள் பின்னால் நின்று விசிலடித்தார்கள், இப்போது முன்வரிசைப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களுக்குத்தானே அந்த நடை தெரியும்.

வேலை எப்படி மாறியது என்று கேட்பார்கள். முதல் ஆறு மாசம் பாதியாகக் குறைந்தது. சில கமிட்டிகள் பாட்டிலோடுதான் கூப்பிடும், குடிக்காதவனை 'ஆள் மாறிட்டான்' என்று விட்டுவிடும். அப்புறம் வேறு பக்கமிருந்து வந்தது. குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழுக்களின் ஆண்டுவிழா, பள்ளிக்கூடம், சர்ச் பெருநாள், சம்பளத்தோடு மரியாதையும் உள்ள இடங்கள். சொன்ன நேரத்துக்கு வருவான் என்பது எங்கள் தொழிலில் எவ்வளவு அபூர்வமான திறமை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு தடவை வழுக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது மாசம், ஓணம் வாரம். துக்கத்தில் இல்லை, பரிபாடி அமோகமாக முடிந்த ராத்திரியில். மேடையிலிருந்து இறங்கிய பிறகு உடம்பு ஒரு இரண்டு மணி நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது, கைதட்டல் காதிலேயே நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் நாம் இத்தனை வருஷம் சரக்கு ஊற்றியிருக்கிறோம். தோல்வியைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள், கைதட்டலைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. மூன்று நாள் குடித்தேன், நாலாவது நாள் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். திட்டவில்லை, தேதியை மாற்றி எழுதிக்கொண்டார். அந்தத் தேதிக்குப் பிறகு நாலரை வருஷம் ஆகிறது.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்னிடம் வேலை இருக்கிறது. ஒயர் சுற்றுவது. சவுண்டு செட் பையன்களோடு சேர்ந்து எல்லாக் கேபிளையும் முறுக்கு விழாமல் சுற்றிக் கட்டுவேன். கை வேலையாக இருக்கும், பேச ஆளும் இருக்கும், அவர்களுக்கும் சந்தோஷம். குழு வேனில் திரும்புவதில்லை, என் பைக்கிலேயே போய் என் பைக்கிலேயே வருகிறேன், வேனில் ஏறிவிட்டால் மற்றவர்கள் நிறுத்துகிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும். சம்பளம் ரொக்கமாக வாங்குவதில்லை, வீட்டுக்காரி போனுக்கு ஜிபே. யாராவது கிளாஸை நீட்டினால் உபதேசம் பண்ணாமல், "மாத்திரை சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கையில் ஒரு சோடா சர்பத்தை வைத்துக்கொள்வேன். கை காலியாக இருந்தால்தான் ஊற்றிக் கொடுப்பார்கள்.

புதுப் பையனிடம் இதில் பாதிகூடச் சொல்லவில்லை. அவன் பதிவையும் என் போனில் எடுக்கிறேன், அவ்வளவுதான். கேட்கச் சொல்லி அனுப்புகிறேன். கேட்கிறானா தெரியாது.

இந்த மாசியில் கொங்கன் படைக்குச் சித்தூர் பக்கம் ஒரு பரிபாடி கிடைத்தது. கொங்கு ராஜா படையெடுத்து வந்து பகவதியிடம் தோற்றதை வருஷா வருஷம் நடத்திக் காட்டுகிற திருவிழா. தோற்ற கட்சியின் பேரன்கள் நாங்கள், வருஷா வருஷம் போய்த் தோற்றுவிட்டுப் பொரி வாங்கித் தின்றுவிட்டு வருவோம் என்று ஆரம்பித்தேன், நன்றாக விழுந்தது. நடை ஐட்டமும் நன்றாகப் போனது. இறங்கி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்தக் கள்ளுக்காரப் பெரியவர் வந்தார். அவர் நடுவில் இரண்டு தடவை விழுந்து எழுந்தவர், அன்றைக்குத் தெளிவாக இருந்தார். ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அந்தச் செருப்பைக் கழட்டற எடத்துல அவசரப்படறே. குடிச்சவன் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஒருக்கா நின்னு பாப்பான். நேரா வெச்சமான்னு."

"பாத்துட்டு?"

"குனிஞ்சு நேரா வெப்பான். அப்பத்தான் விழுவான்."